காலனி போகட்டும், கதவு எண் வரட்டும்

தெருப் பெயர்ப் பலகைகளை மாற்றும் பேச்சு தமிழகம் முழுவதும் நடக்கிறது. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்றார். அந்தச் சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும், தீண்டாமையின் குறியீடாகவும், வசைச் சொல்லாகவும் மாறிவிட்டது என்பதே அவர் சொன்ன காரணம். அதே ஆண்டு அக்டோபரில், சாதிப் பெயர் தாங்கிய தெருக்கள், குடியிருப்புகள், சாலைகள், நீர்நிலைகளின் பெயர்களை மாற்றும் அரசாணை வந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கும் தொடரப்பட்டது.

இந்த முயற்சியை நாம் வரவேற்கிறோம். விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப் பெயருக்குக் கீழே ‘காலனி’ என்று எழுதும்போது நம் பிள்ளைகளின் பேனா ஒரு நொடி தயங்குவது நமக்குத் தெரியும். ஆனால் முகவரியில் தெருவின் பெயர் ஒரு பாதிதான். வீட்டின் எண் மறுபாதி. பெயரைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில், 306 ஊராட்சிகளில் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டிய நேரம் இது.

ஒரே சொல், இரண்டு மரியாதை

திண்டுக்கல் நகரில் ஆர்.எம்.காலனி இருக்கிறது. மருத்துவமனைகளும் நல்ல வீடுகளும் உள்ள பகுதி. அங்கே வீடு என்றால் அது வசதியின் அடையாளம். அங்கிருந்து பஸ் ஏறி வேடசந்தூர் பக்கமோ நிலக்கோட்டை பக்கமோ போனால், அதே ‘காலனி’ வேறு பொருள் கொள்கிறது. ‘ஊரா, காலனியா?’ என்ற கேள்விக்கு இரண்டு சொற்களில் சாதி வெளிப்பட்டுவிடும். ஆகவே கோளாறு அந்த ஆங்கிலச் சொல்லில் இல்லை. அது ஒட்டப்பட்ட இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் எப்படி உருவானது? ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொழிலாளர் துறையும், பின்னர் ஆதிதிராவிடர் நலத்துறையும் வீட்டுமனை கொடுத்தன. மனை கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் பெரும்பாலும் அது ஊரை விட்டுத் தள்ளியே கிடைத்தது. 1978-ல் இதற்கென நிலம் கையகப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரில் ‘ஹரிஜன்’ என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று 1982-ல் மத்திய உள்துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பலகைகளில் அது அதற்குப் பிறகும் வெகுகாலம் நின்றது.

பெயர் மாற்றம் நமக்குப் புதிதல்ல. 1922-ல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் அரசாணையில் ஏறியது. 1970-களின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்த சாதிப் பின்னொட்டுகள் நீக்கப்பட்டன. ‘காலனி’ அப்போது தப்பித்துக்கொண்டது. ஏனென்றால் எழுத்தில் அது சாதிப் பெயரே அல்ல. சாதியைச் சொல்லாமலே சாதியைக் காட்டிக்கொடுத்த சொல் அது.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பல ஊர்களில் ‘அம்பேத்கர் நகர்’, ‘இந்திரா நகர்’, ‘காந்தி நகர்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டவுடன் அது எந்தத் திசை, யார் வசிக்கும் இடம் என்று ஊருக்குத் தெரிகிறது. நாளை ‘ரோஜா தெரு’ என்று வைத்தாலும் ஆறே மாதத்தில் ரோஜாவுக்கும் அதே பொருள் வந்துவிடும். மறுபுறம், நம் மாவட்டத்தின் ரெட்டியார்சத்திரம் ஓர் ஒன்றியத்தின் பெயராகவே இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்ல யாரும் கூசுவதில்லை. ஒரு பெயரில் பெருமை இருப்பதும் சிறுமை இருப்பதும், அங்கே வாழ்கிறவர்களுக்கு ஊர் கொடுக்கும் மதிப்பைப் பொறுத்தது. பெயர்ப் பலகை அந்த மதிப்பை ஒருநாளில் மாற்றிவிடாது. பதிவேடு ஓரளவு மாற்றும்.

எண் எங்கிருந்து வருகிறது?

நகரமோ கிராமமோ, கட்டடத்துக்கு எண் கொடுக்கும் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புக்கு உரியது. திண்டுக்கல் 1866-ல் நகராட்சியானது; 2014-ல் மாநகராட்சியானது. இன்று 48 வார்டுகள். நகரத்தில் வார்டு எல்லைகள் மாறும்போது கதவு எண்ணும் மாறுகிறது. அதனால்தான் தபால் உறையில் ‘பழைய எண்’, ‘புதிய எண்’ என்று இரண்டையும் எழுதும் வழக்கம் வந்தது.

கிராமத்தில் எண் வீட்டு வரியோடு சேர்ந்து பிறக்கிறது. 3/127 என்று ஒரு கதவு எண் இருந்தால், சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் வார்டைக் குறிக்கும். பின்னால் இருப்பது வீட்டை. மகன் கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தால் 3/127ஏ. அடுத்த மகனுக்கு 3/127பி. வரி போட்டால்தான் எண். எண் இருந்தால்தான் ரசீது. ரசீது இருந்தால் மின் இணைப்பு முதல் ரேஷன் கார்டு வரை வழி எளிதாகிறது.

நம் குடியிருப்புகளில் இந்தச் சங்கிலி மூன்று இடங்களில் அறுகிறது.

முதலாவது, தொகுப்பு வீடு. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அரசு கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டில் இன்று அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். மூன்று குடும்பம், ஒரே கதவு எண். பக்கத்தில் தகரம் போட்டு இறக்கிய அறைக்கு எண் கிடையாது.

இரண்டாவது, புறம்போக்கு. வாய்க்கால் ஓரத்திலும் குளத்தங்கரையிலும் தலைமுறையாக இருக்கிறவர்களுக்கு வரி போட்டால் நிலத்தில் உரிமை வந்துவிடும் என்று அலுவலர்கள் அஞ்சுகிறார்கள். வீட்டு வரி ரசீது நிலத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகாது. இது சட்டம் அறிந்த யாருக்கும் தெரியும். எண் கொடுப்பது ஒன்று, பட்டா கொடுப்பது வேறொன்று. இரண்டையும் குழப்பி எண்ணையும் மறுக்கக் கூடாது.

மூன்றாவது, காட்சி. பதிவேட்டில் எண் இருக்கும், சுவரில் இருக்காது. எப்போதோ பெயின்டில் எழுதியது வெள்ளையடிக்கும்போது போய்விடும். புதிதாக வரும் தபால்காரரோ 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநரோ ‘காலனியில் எந்த வீடு?’ என்று கேட்டுக்கொண்டு நிற்பார். பகலில் சொல்வதற்கு ஆள் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்?

பூஜ்ஜியம் என்ற வீடு

எண் இல்லாததன் விலை என்ன என்பதை வாக்காளர் பட்டியல் காட்டியது. 2025 ஆகஸ்டில், பட்டியலில் வீட்டு எண் ‘0’ என்று இருக்கும் பெயர்கள் பற்றி நாடு முழுவதும் சர்ச்சை எழுந்தது. ஒரே வீட்டு எண்ணில் பல பத்துப் பேர் இருப்பதும் மோசடிக்கான அடையாளமாகப் பேசப்பட்டது. ஆகஸ்ட் 17 அன்று தலைமைத் தேர்தல் ஆணையர் ஞானேஷ்குமார் விளக்கம் கொடுத்தார். ஊராட்சியோ நகராட்சியோ எண் கொடுக்காத வீடுகளில் வாழ்கிறவர்களும், வீடே இல்லாதவர்களும் அப்படிக் குறிக்கப்படுகிறார்கள் என்றார்.

முறைகேடு எங்கே நடந்தாலும் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த விவாதத்தில் நம் தெருக்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஒரே எண்ணில் பன்னிரண்டு வாக்காளர்கள் என்றால் ஓர் இடத்தில் அது மோசடி. நம் குடியிருப்பில் அது மூன்று குடும்பம் நெருக்கியடித்து வாழும் ஒரு தொகுப்பு வீடு. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வறுமையையும் திருட்டையும் பிரித்துக் காட்ட ஒரு சரியான எண் போதும். அதைக் கொடுக்காதது வாக்காளரின் குற்றமல்ல.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று தமிழகத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, ஏறத்தாழ 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்று கணக்கிடப்பட்டனர். இவர்களில் உண்மையாகவே வீடு மாறியவர்கள் ஏராளம். ஆனால் ‘முகவரியில் இல்லை’ என்று எழுதும் முன், முகவரி என்று ஒன்று இருந்ததா என்ற கேள்வி நம் பக்கம் இருக்கிறது. திருப்பூருக்கோ வேறு ஊர் மில்லுக்கோ வேலைக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீட்டின் முன் நிற்கும் பி.எல்.ஓ., கதவில் எண் இருந்தால் மறுபடி வருவார். எண் இல்லாத கதவை அவர் எப்படிக் குறித்துக்கொள்வார்?

1960-ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவு விதிகள், பட்டியலில் பெயர்களை வீட்டு எண் வரிசையில் அடுக்கச் சொல்கின்றன. அதாவது வீட்டு எண் என்பது தபால்காரருக்கு மட்டுமான வசதி அல்ல. வாக்குரிமை எழுதப்படும் கோடு அது.

எண்ணிலும் தீண்டாமை உண்டு

எண்ணுக்குச் சாதி இல்லை என்று சிலர் சொல்வார்கள். ஐரோப்பாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 1770-ல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா தன் ஆட்சிப் பகுதிகளில் வீடுகளுக்கு எண் இடச் சொன்னார். படைக்கு ஆள் எடுக்க வீடு வீடாகக் கணக்கு வேண்டியிருந்தது. கிறிஸ்தவர்களின் வீடுகளுக்கு 1, 2, 3 என்ற வழக்கமான எண்கள். யூதர்களின் வீடுகளுக்கு மட்டும் ரோமன் எண்கள் எழுத ஆணையிடப்பட்டது. ஒரே தெருவில் நின்றாலும் வாசலைப் பார்த்தவுடன் உள்ளே இருப்பவர் யார் என்று தெரிந்துவிடும்.

நம் ஊர்களில் ரோமன் எண் தேவைப்படவில்லை. வரிசையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஊரின் தெருக்களுக்கு முதல் எண்கள். எல்லாம் முடிந்தபின் ‘காலனி’ என்று ஒரு தலைப்பு; அதற்குத் தனி வரிசை. பதிவேட்டின் கடைசிப் பக்கம் ஊரின் கடைசித் தெருவைப் போலவே இருக்கும்.

ஆகவே நாம் கேட்பது ஒன்றுதான். ஊருக்கும் குடியிருப்புக்கும் ஒரே எண் வரிசை வேண்டும். பேருந்துச் சாலையிலோ ஊராட்சி அலுவலகத்திலோ தொடங்கி, நடந்து போகும் வழியிலேயே எண் போக வேண்டும். பாரிஸ் நகரம் 1805-ல் செய்ததைப் போலத் தெருவின் ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. தெரு எங்கே போகிறதோ அங்கே எண்ணும் போகட்டும். சாதியைப் பார்த்து அது நிற்க வேண்டியதில்லை.

சேர்ந்து வாழும் திட்டங்களும் நம்மிடம் உண்டு. 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்தில் 100 வீடுகள். அவற்றில் 40 ஆதிதிராவிடருக்கு. மற்றவை பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், இதரர் எனப் பகிரப்பட்டன. வீடுகளையே கலந்து கட்ட முடிந்த மாநிலத்தில் எண்களைக் கலப்பது முடியாத காரியமா?

கணக்கெடுப்பு வருகிறது

இதைத் தள்ளிப்போட முடியாது. 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவிருக்கிறது. 2011-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு, சாதியும் கேட்கப்படும். அதற்கு முன்னோடியாக, 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் ஒவ்வொரு மாநிலமும் குறிக்கும் 30 நாள்களில் வீட்டுப் பட்டியல் எடுக்கப்படும். அந்தப் படிவம் கட்டட எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணக்கெடுப்பில் ‘கட்டடம்’ வேறு, ‘வீடு’ வேறு, ‘குடும்பம்’ வேறு. தனி வாசல் இருந்தால் தனி வீடு. ஒரே சமையலில் சாப்பிட்டு ஒன்றாக வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம். ஊராட்சி வரியைப் பார்த்து எண்ணுகிறது. கணக்கெடுப்பு அடுப்பைப் பார்த்து எண்ணுகிறது. ஒரு தொகுப்பு வீட்டில் மூன்று அடுப்பு எரிந்தால் அங்கே மூன்று குடும்பம். கணக்கெடுப்பாளர் வரும்போது இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை அறை, எத்தனை மணமான தம்பதிகள், குடிநீர் எங்கே, கழிப்பறை உண்டா என்ற கேள்விகளுக்கான பதில்களை வைத்துத்தான் வீடில்லாதோர் எத்தனை பேர் என்று நாளை அரசு முடிவு செய்யும். ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. கணக்கில் வராத அடுப்புக்கு வீடு எங்கிருந்து வரும்?

யார் செலவு?

பெயரும் எண்ணும் மாறினால் ஆவணங்களும் மாற வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா, பள்ளிச் சான்றிதழ். ஆதாரில் முகவரி மாற்ற இப்போது ஒருவருக்கு 75 ரூபாய். ஐந்து பேர் குடும்பத்துக்கு 375 ரூபாய். 2025-26-ல் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். ஒரு நாள் கூலியைக் காட்டிலும் அதிகம். மையத்துக்குப் போய்வரும் நாளின் இழப்பு தனி. அவமானச் சொல்லை எழுதியது அரசின் ஆவணம். அதை அழிக்கும் செலவை நம் மக்கள் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. பழைய முகவரிக்கும் புதிய முகவரிக்கும் பொருத்தம் காட்டும் பட்டியலை ஊராட்சியே தயாரிக்க வேண்டும். அதை எல்லாத் துறைகளும் ஏற்க வேண்டும். சான்றிதழில் ஒரு முகவரி, ஆதாரில் வேறு முகவரி என்று ஒரு மாணவரின் உதவித்தொகை நின்றுபோனால் அதற்கு யார் பொறுப்பு?

‘இப்போதுதான் கைபேசியே இடத்தைக் காட்டுகிறதே’ என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்மைதான். 2025 மே மாதம் அஞ்சல் துறை ‘டிஜிபின்’ முறையை அறிமுகம் செய்தது. நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தில் ஒரு குறியீடு. அதில் ஊரும் இல்லை, காலனியும் இல்லை. நல்ல கருவி, பழகிக்கொள்ளுங்கள். ஆனால் அது இடத்தைத்தான் சொல்லும். அந்த இடத்தில் ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒரு குடும்பம் வாழ்கிறது என்பதை ஊராட்சிப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

இன்னோர் அச்சமும் நம் மக்களிடம் இருக்கிறது. ‘ஆதிதிராவிடர் குடியிருப்பு’ என்ற பெயர் போய்விட்டால் நமக்கு ஒதுக்கிய நிதியும் நிலமும் போய்விடாதா? இந்த அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. 2024-ல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம் நம் மக்களுக்கான நிதியைத் திட்டமிட்டுச் செலவிட வழி செய்கிறது. அதற்கான விவரம் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். வருவாய்த் துறைப் பதிவேட்டில் மனை ஒதுக்கீடும் மயான நிலமும் பத்திரமாக இருக்கட்டும். தெருமுனைப் பலகையிலும் பிள்ளைகளின் சான்றிதழிலும் அது இருக்கத் தேவையில்லை. இந்த உறுதியை அரசு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கிராம சபையில் என்ன கேட்பது?

நம் மாவட்ட ஊராட்சிகளில் இன்று தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தனி அலுவலர்களே நிர்வாகம் செய்கிறார்கள். இட ஒதுக்கீட்டில் வென்ற நம் தலைவர்கள் நாற்காலியில் இல்லாத நேரத்தில் நம் தெருவின் பெயரும் எண்ணும் தீர்மானிக்கப்படுகின்றன. எனவே கிராம சபைதான் நம் இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது.

அங்கே நான்கு தீர்மானங்களைக் கேளுங்கள். ஊருக்கும் குடியிருப்புக்கும் ஒரே எண் வரிசை. தனி அடுப்பு உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், புறம்போக்கில் இருந்தாலும், ஓர் எண். ஊராட்சிச் செலவிலேயே ஒவ்வொரு வாசலிலும் எண் பலகை. பழைய எண், புதிய எண் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டுவது. வாய்ப்பேச்சாக விட வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள்.

படித்த பிள்ளைகள் அதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நம் தெருவில் வாசல் வாசலாகப் போய் எழுதுங்கள்: எத்தனை கட்டடம், எத்தனை அடுப்பு, எத்தனை கதவில் எண் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் அந்த வீட்டுக்கு என்ன எண் போட்டிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த நோட்டைத் தனி அலுவலரின் மேசையில் வையுங்கள். கணக்கோடு வரும் கோரிக்கையைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல.